சிறுமிக்கு மோதிரம், தலைவனுக்கு மன்னிப்பு

அமெரிக்கச் சுவிசேஷக் கிறித்தவர்களின் ஒழுக்கப் பிரச்சாரம் யாரைக் கட்டுகிறது? 1993இல் சதர்ன் பாப்டிஸ்ட் சபையினர், திருமணம்வரை காத்திருப்பதாகப் பதின்வயதினரிடம் உறுதிமொழி வாங்கத் தொடங்கினார்கள். தூய்மை மோதிரம் விற்பனைச் சரக்கானது. பாட்டும் புத்தகமும் பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் கற்பித்தன. 1998இல், மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று தன் விசுவாச அறிக்கையில் சேர்த்தது அச்சபை. கிளிண்டன் விவகாரம் வெடித்த அதே ஆண்டில், ஆட்சியாளருக்கு ஒழுக்கம் வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது.

2016இல், பெண்களைக் கேளாமலே தொடுவேன் என்று டிரம்ப் பீற்றிக்கொண்ட பதிவு வெளியானது. அதன் பிறகும் வெள்ளையினச் சுவிசேஷக் கிறித்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அவருக்கே வாக்களித்தார்கள். அவர் நியமித்த நீதிபதிகள் மூவரும் 2022இல் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த தீர்ப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவனின் ஒழுக்கத்துக்கு மன்னிப்பு உண்டு. பெண்ணின் ஒழுக்கத்துக்குச் சட்டம் உண்டு. வாக்குக்கும் தீர்ப்புக்கும் நடந்த இந்தப் பேரத்தில் விலையாக வைக்கப்பட்டது பெண்ணுடல்.