திண்ணை யாருடையது?

மயிலாப்பூர் தபாலாபீசில் போட்ட கடிதம் லண்டனுக்குப் போய்ச் சேருகிறது. இரண்டு தேசத்துத் தபால் இலாகாவுக்கும் எஜமானன் ஒருவனா? இல்லை. ஒருவர் தபாலை மற்றவர் கொண்டு சேர்ப்பதென்று 1874-ல் பல தேசத்தார் பெர்ன் நகரில் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தமே அதற்கு ஆதாரம். ஈமெயிலும் அவ்விதமே எஜமானனின்றி நடந்து வருகிறது.

ஆனால் தோழர்களே! தியாகராய நகரிலும் அடையாற்றிலும் படித்தவரும் பாமரரும் இன்று கூடிப் பேசும் பேஸ்புக், எக்ஸ் ஆகியவற்றின் யோக்கியதை என்ன? முதலாளி வீட்டுத் திண்ணை என்பதல்லாமல் வேறென்ன? எழுந்து போ என்றால் போகவேண்டியதுதான். சிநேகிதர்களையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

இது வீண் பயமல்ல. நாஜிக் கூட்டத்தில் எல்லோரும் கைநீட்டி வணங்க, ஒருவன் மாத்திரம் கைகட்டி நின்ற 1936-ம் வருஷத்துப் படத்தை வைத்திருந்ததற்காக, உச்சநீதிமன்ற வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு 2019-ல் முடக்கப்பட்டது. அதைக் கண்டு அவ்வருஷம் நவம்பரில் இந்தியர் அநேகர் மாஸ்டோடனுக்குப் போனார்கள். 2022-ல் டுவிட்டர் முழுவதையும் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டார்.

2016-ல் ஜெர்மனியில் தோன்றிய மாஸ்டோடனில் எந்தச் சங்கமும் வாசகசாலையும் சொந்தமாக ஒரு நிலையம் வைக்கலாம். மயிலாப்பூரில் ஒன்றும் அடையாற்றில் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பெயரும் நிலையத்தின் பெயரும் சேர்ந்ததே உங்கள் விலாசம். அடையாற்றில் ஒருவர் உங்களைப் பின்தொடர்ந்தால், நீங்கள் எழுதியதை மயிலாப்பூர் நிலையம் அங்கே அனுப்பிவிடும். இதற்கான பொது விதி ஆக்டிவிட்டிபப் என்பது. 2018-ல் டபிள்யூ3சி என்ற சர்வதேச ஸ்தாபனம் அதை ஏற்றது.

இதையும் சாமியாக்கிக் கும்பிடும்படி நாம் சொல்லவில்லை. நிலையம் நடத்துகிறவரும் மனிதரே. நினைத்தால் உங்கள் அந்தரங்கச் செய்தியைப் படித்துவிடலாம். நிலையம் மாறினால் பின்தொடர்வோர் கூடவரலாம். பழைய எழுத்துகள் வாரா. துவேஷம் பரப்பும் நிலையத்தை மற்றவை விலக்கலாம். 2019-ல் 'காப்' என்பதை அநேக நிலையங்கள் அப்படியே விலக்கின. ஆயினும் அதை அடியோடு மூட எவராலும் முடியவில்லை.

ஆகவே, ஒரு கடவுளை விட்டு இன்னொரு கடவுளிடம் ஓடுவதில் பயனில்லை. சங்கங்கள் சந்தா சேர்த்து நிலையம் வைக்கட்டும். விதிகளையும் வரவு செலவையும் பகிரங்கமாக்கட்டும். பேச உரிமை கேட்பவர்கள், பேசுகிற இடத்துக்கும் நாலு காசு செலவிடத்தான் வேண்டும். இனாம் திண்ணையில் உரிமை ஏது?