ஊசி ஏற்றும் முன் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

"கிட்னி போன கேஸ்தானேம்மா, இப்படியெல்லாம் ஆகத்தான் செய்யும்" என்கிறீர்கள். இதைச் சொல்ல எப்படி ஐயா வாய் வந்தது?

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை. உங்கள் ஆஸ்பத்திரி ஃபைலின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். மெஷினில் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் வேறு. இப்படி இரண்டு மருந்து ஓடுகிற உடம்பை, ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்க்காமல் எந்த தைரியத்தில் தொட்டீர்கள்?

வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதியது உங்கள் டாக்டர்தான். அசிட்ரோமோடு சேர்ந்தால் அது ரத்தத்தை இன்னும் இளக்கிவிடும் என்பதைப் பத்தாவது தாண்டாத நான் இப்போது தெரிந்துகொண்டேன். அவர் அதைப் படித்துவிட்டுத்தானே வந்திருப்பார்?

அவர் அதை எழுதிய அந்த வாரம், டயாலிசிஸ் ஊசியைப் பிடுங்கியதும் அது குத்தியிருந்த ஃபிஸ்டுலாவில் (ரத்தக்குழாய் இணைப்பில்) ரத்தம் நிற்கவே இல்லை. எப்போதும் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தினால் போதும். அன்றைக்குப் பஞ்சு மாற்றி மாற்றி வைத்தும் மடியில் விழுந்து வேட்டி நனைந்தது. "காலையிலேருந்து பல் ஈறுலயும் ரத்தம் வருது சிஸ்டர்" என்றேன். "நல்லா அழுத்திப் பிடிங்கம்மா." அவ்வளவுதான், இறுக்கிக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறையும் ஹெப்பாரின் அதே 5000 யூனிட்! அன்று ராத்திரி மூளையில் ரத்தக்கசிவு. 3-ஐ ஒட்டி இருக்கவேண்டிய ஐ.என்.ஆர். 8-ஐத் தாண்டியிருந்தது. அதையும் வேறு ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள். இன்றைக்கு அவருக்கு இடது கை, கால் வராது, பேச்சு குழறுகிறது.

ஹெப்பாரினைக் குறைத்திருக்கலாம். அடியோடு நிறுத்திவிட்டு, அடிக்கடி சலைன் விட்டுக் குழாயை அலசியும் ஓட்டியிருக்கலாம். அதற்கு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டுமே! ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் குழல் அடைத்துக்கொண்டால் புதிது மாட்ட வேண்டுமே! கழுவிக் கழுவி மாட்டுகிற அந்தக் குழலுக்குப் பயந்தவர்கள், கட்டிலில் கிடந்தவரிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எல்லாக் கட்டிலுக்கும் ஒரே அளவு. எடை 48 கிலோ ஆனாலும் 80 கிலோ ஆனாலும் அதே 5000.

கேஸ் ஷீட் நகல் கேட்டால் "எம்.டி. சார் ஊரில் இல்லை" என்கிறீர்கள். கேட்ட 72 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 2002-லேயே மருத்துவக் கவுன்சில் விதி போட்டிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்து மாதம் ஒன்றாகிறது. ஹெப்பாரின் கட்டத்தில் இப்போது என்ன எண்ணைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்?