யாருக்கு என்று கேட்கும் ஊர்

2003ஆம் ஆண்டுவாக்கில் தமிழ்நாட்டின் விளம்பரப் பலகைகளில் ஒரு கேள்வி முளைத்தது: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? ஆணுறைப் பழக்கத்தைப் பரப்ப நினைத்தவர்கள் ஒரு கற்பனை ஆளை வைத்துப் போட்ட தூண்டில் அது. விளம்பரம் என்ற வகையில் அதற்கு நிகர் குறைவு. டீக்கடைப் பேச்சுவரை போய்ச் சேர்ந்தது. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் எப்படி வரும் என்று அது கேட்கவில்லை, இன்ன மாதிரி ஆளுக்கு வருமா என்றுதான் கேட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்குவது அறியாமையால் நடக்கிறது, இன்னும் கொஞ்சம் விழிப்புணர்வு ஊட்டினால் போய்விடும் என்று சொல்வது நம் வழக்கம். கைகுலுக்கினால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிக்கும் காலம் இது. ஒப்பித்த அதே வாய், பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு மாதாமாதம் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருகிறார் என்றும் விசாரிக்கிறது. விழிப்புணர்வின் கையைப் பிடித்துக்கொண்டே ஒதுக்கலும் ஊருக்குள் வந்துவிட்டது என்பது நம் வாதம்.

தொடக்கமே அப்படித்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் சொன்ன யோசனையின்பேரில், அவருடைய மாணவி நிர்மலா மயிலாப்பூர் அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவுக்குள் வைரஸ் வந்துவிட்டதற்கான முதல் சான்று அது. அவர்களிடம் தேடியதற்கு மருத்துவக் காரணம் இருந்தது. ஊர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. எச்.ஐ.வி. இருந்த காரணத்துக்காகவே அடைத்து வைக்கப்பட்ட பெண்களை வெளியே கொண்டுவரப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1990இல்தான் விடிவு வந்தது. அவர்களிடம் போய்வந்த ஆண்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. அந்த ஆண்களுக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தாள். கணவர் வழியே தொற்று பெற்று, அதை வெளிப்படையாகச் சொன்ன நாமக்கல் பி. கௌசல்யா போன்றவர்கள் 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கிய பிறகே, புள்ளிராஜாவின் மனைவிக்கும் ஒரு முகம் உண்டு என்பது தெரிந்தது. அப்போது பிறந்த பரிவிலும் ஒரு கோணல் இருந்தது. பாவம், அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள் என்று உச்சுக்கொட்டும்போது, தப்பு செய்து வாங்கிக்கொண்டவர் என்று இன்னொருவரை அதே மூச்சில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம்.

இதற்குள் மருத்துவம் எங்கோ போய்விட்டது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. 2017 முதல் சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு இறங்கும்வரை காத்திருப்பதில்லை. தொற்று தெரிந்ததும் மாத்திரை. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போக 15 முதல் 45 விழுக்காடுவரை வாய்ப்பு உண்டு. முறையான சிகிச்சை இருந்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 இணையர்களை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்தார்கள். சென்னையும் புனேயும் அதில் சேர்த்தி. உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் தெரிந்தது. வைரஸ் முழுக்கக் கட்டுக்குள் இருந்த காலத்தில் ஒருவரிடமிருந்தும் துணைக்குப் பரவவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. அப்படியானால் ஊர் யாரை ஒதுக்குகிறது? சோதனை செய்து, தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) அடங்கியிருக்கிறவரை. அவரிடமிருந்து உடலுறவு வழியே யாருக்கும் வரப்போவதில்லை. தனக்கு இருப்பதே தெரியாமல், தெரிந்துகொள்ளவும் பயந்து, எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தின் வாசலை மிதிக்காதவரிடமிருந்துதான் வரும். அவரை மிதிக்கவிடாமல் செய்வது நம் பேச்சு.

சிறிய ஊரில் இதன் பாரம் கூடுதல். நம் செஞ்சி பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை வண்டிக்கும் திண்டிவனம் வண்டிக்கும் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியும். அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் சொந்தக்காரராக இருப்பார். மாத்திரை முப்பது கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் வரும். அதன் லேபிளை உரித்துவிட்டு, குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு அடைத்து வைப்பவர்கள் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் என்று மூன்று நாள் தங்கப் போகும் இடத்தில் டப்பாவை எடுக்க முடியாமல் வேளை தவறும். அடிக்கடி தவறினால் வைரஸ் மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். மருந்து இலவசம், ஒளிவுமறைவுக்கு ஆகும் செலவு அவரவர் உடம்பில் ஏறுகிறது.

2018 டிசம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது மன்னிக்க முடியாத அலட்சியம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் விஷயம் வெளியே வந்தது எப்படி? வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தொற்று தெரியவந்ததும், ரத்தம் கொடுத்திருந்த இளைஞரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அமைப்பின் சோதனை தவறவிட்டதை அவர் நேர்மை பிடித்தது. சில நாளில் அவர் தற்கொலைக்கு முயன்று மதுரை மருத்துவமனையில் இறந்தார். அடுத்த முறை இன்னொரு ரத்தக் கொடையாளருக்கு இப்படித் தெரியவந்தால், அவர் சொல்வாரா?

பயமுறுத்தியதால்தானே தமிழ்நாட்டில் தொற்று குறைந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயத்துக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் காசுக்கு ரத்தம் விற்பது தடைபட்டது. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் ஆணுறை போய்ச் சேர்ந்தது, அதை அவர்களே எடுத்து நடத்தினார்கள். பிறகு மருந்து வந்தது. இவ்வளவையும் தள்ளிவிட்டுப் பயத்துக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை. மருத்துவப் பணியாளர்களின் கேள்வி வேறு: எங்கள் பாதுகாப்புக்கு நோயாளியின் நிலை தெரிய வேண்டாமா? தொற்று ஏற்பட்ட புதிதில் சோதனையும் நெகட்டிவ் காட்டும். ஆகவே கேஸ் ஷீட்டில் குறி போடுவதால் வருவது பொய்யான தைரியம். எல்லா நோயாளியிடமும் ஒரே மாதிரி கையுறையும் ஊசிக் கவனமும் வேண்டும். தொற்றுள்ளவர்மீது பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் தடுப்பு மருந்து உண்டு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். அந்த நோயாளியைக் கண்டு இவ்வளவு பயம் எழுவதில்லை.

கட்டிய மனைவிக்குத் தெரிய வேண்டாமா என்ற கேள்விதான் கனமானது. தெரிய வேண்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும் அதை மறுக்கவில்லை. ஆலோசனை கொடுத்தும் தொற்று உள்ளவர் சொல்ல மாட்டார், துணைக்கு ஆபத்து என்று உறுதியானால், முன்கூட்டி அவரிடம் தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணையை நேரில் சந்தித்துச் சொல்லலாம். தொற்று உள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது. துணைக்கு உள்ள இந்த உரிமை மாமியாருக்கோ தெருவுக்கோ முதலாளிக்கோ கிடையாது.

அந்தச் சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலையிலும் பள்ளியிலும் சிகிச்சையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாட்டை அது தடுக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமும், இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த அளவுக்குள் வரும் பள்ளி, ஆலை, நர்சிங் ஹோம் எவை என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். அங்கே போய் அந்த அலுவலர் யார் என்று கேளுங்கள். கிடைத்த பதிலை, பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும், எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.