ரத்த உறவா, தொப்புள்கொடி உறவா?



ஒரு குழந்தை பிறந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "யாருடைய சாயல்?" என்பதுதான். மூக்கு அப்பாவினுடையது, கண் அம்மம்மாவினுடையது, நிறம் பெரியப்பாவினுடையது என்று தொட்டிலைச் சுற்றி நின்று பங்கு பிரிப்போம். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வேறொரு பெண் சுமந்து பெற்றுக்கொடுத்த குழந்தை என்று தெரிந்துவிட்டால் கேள்வியின் தொனியே மாறிவிடுகிறது. "உண்மையில் அது யாருடைய பிள்ளை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். "சுமந்தவளின் ரத்தம்தானே ஓடும்" என்று ஒருவர் சொல்வார். "அவள் வெறும் வாடகைக்கு இடம் கொடுத்தவள்" என்று இன்னொருவர் கதையை முடித்துவைப்பார்.

இரண்டு பேச்சுமே பிழை என்பது என் கருத்து. முதலாவது அறிவியலுக்குப் பொருந்தாது. இரண்டாவது அறிவியலுக்கும் பொருந்தாது, அன்புக்கும் பொருந்தாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நிற்பது ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை நாளை நம் ஓய்வுநாள் பள்ளியில் வந்து உட்காரும். சில வருடங்களில் இந்த இதழையும் வாசிக்கும். ஆகவே உண்மை என்னவென்று நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரபணு சொல்வது

இன்று பெரும்பாலும் நடப்பது இதுதான். கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வுகூடத்தில் சேர்த்துக் கரு உண்டாக்குகிறார்கள். பிறகு அந்தக் கருவைச் சுமக்கச் சம்மதித்த பெண்ணின் கருப்பையில் வைக்கிறார்கள். பிள்ளையின் 46 நிறமூர்த்தங்களில் 23 முட்டையிலிருந்தும் 23 விந்தணுவிலிருந்தும் வருகின்றன. சுமப்பவரிடமிருந்து ஒன்றுகூட வருவதில்லை. தாய்வழியாக மட்டுமே வரும் இழைமணி மரபணுக்கள் 37 உண்டு. அவையும் முட்டை கொடுத்தவருடையவையே. கண்ணின் நிறம், ரத்த வகை, பரம்பரை நோய்களுக்கான சாத்தியம் ஆகியவற்றுக்கு அடிப்படை சுமப்பவரிடமிருந்து வருவதில்லை.

"ரத்தம் ஓடும்" என்ற பேச்சு இங்கே நிற்காது. கருவில் இருக்கும் பிள்ளை தன் ரத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. சுமப்பவரின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நச்சுக்கொடியில் மிக அருகருகே ஓடுகின்றன, ஆனால் ஒன்றாகக் கலப்பதில்லை. உயிர்வாயு, உணவு, நோய் எதிர்ப்புப் பொருட்கள் மட்டும் மெல்லிய சுவரைத் தாண்டிப் போகின்றன. உங்களைப் பெற்ற அம்மாவுக்கும் உங்களுக்கும் இடையிலும் இப்படித்தான் நடந்தது. அம்மாவின் ரத்த வகை ஒன்றாகவும் பிள்ளையின் ரத்த வகை வேறொன்றாகவும் இருப்பது அதனால்தான் சாத்தியமாகிறது.

நாம் பெருமையோடு சொல்லும் "தொப்புள்கொடி உறவு" இன்னும் வியப்பானது. தொப்புள்கொடியும் நச்சுக்கொடியின் பெரும்பகுதியும் கருவிலிருந்தே உருவாகின்றன. தாய் அதைப் பிள்ளைக்கு நீட்டுவதில்லை; பிள்ளைதான் தாயை நோக்கி நீட்டுகிறது. தன்னை ஏற்றுக்கொண்ட உடம்பை, அது மரபணுவில் யாராக இருந்தாலும், பற்றிப் பிடித்துக்கொள்கிறது.

முன்பு வேறொரு முறையும் இருந்தது. சுமக்கும் பெண்ணின் சொந்த முட்டையே பயன்பட்டது. அப்படியானால் அவர் மரபணுவிலும் தாய். 1986ல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்து "பேபி எம்" என்று உலகம் அறிந்த குழந்தையின் வழக்கு அத்தகையது. பெற்ற பெண் குழந்தையைக் கொடுக்க மறுத்தார். 1988ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பண ஒப்பந்தம் செல்லாது என்றது. பிள்ளை தந்தையிடம் வளரட்டும், பெற்றவரே சட்டப்படி தாய் என்றும் தீர்ப்பளித்தது. இன்று இந்த முறையைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். ஆனால் வீட்டில் பேசும்போது இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறோம்.

கருப்பை சொல்வது

"மரபணு இல்லையென்றால் அவள் யாரோதானே?" என்று கேட்பவர்களுக்கு இனி வருகிறேன்.

கருப்பை ஒரு வெறும் அறை அல்ல. 1944 - 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின்போது கருவில் உருவாகிக்கொண்டிருந்தவர்களை அறுபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். 2008ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களுடைய ஒரு மரபணுவின் மேல் உள்ள வேதிக் குறிகள், பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் கருவான அவர்களுடைய உடன்பிறப்புகளிடமிருந்து வேறுபட்டிருந்தன. எழுத்து மாறவில்லை, அதை எந்த அளவுக்கு வாசிப்பது என்ற குறிப்பு மாறியிருந்தது. சுமப்பவர் உண்பதும் பட்டினி கிடப்பதும் பிள்ளையின் உடம்பில் நெடுங்காலம் தடம் விடக்கூடும் என்பதே இதன் பொருள்.

இன்னொன்று. கர்ப்ப காலத்தில் பிள்ளையின் உயிரணுக்கள் சில பெண்ணின் உடம்புக்குள் போய்விடுகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கடந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலும் ஆண் உயிரணுக்கள் இருந்ததை 1996ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுமந்தவரின் உயிரணுக்களும் சிறிதளவு பிள்ளைக்குள் போகின்றன. இதனால் மரபணுவில் அவர் தாயாகிவிடுவதில்லை. ஆனால் "ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று யாரும் சொல்லவும் முடியாது.

அவர் ஏற்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். நாம் வாழும் இந்த ஒன்ராறியோவிலேயே 2012 முதல் 2021 வரையான பிரசவங்களை ஆராய்ந்து 2024ல் ஓர் ஆய்வு வெளியானது. கடும் ரத்தப்போக்கு, மிகை ரத்த அழுத்தம் போன்ற பெரிய சிக்கல்கள், உதவியின்றிக் கருத்தரித்தவர்களில் 2.3 வீதத்தினருக்கும், தமக்காகவே சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களில் 4.3 வீதத்தினருக்கும் வந்தன. பிறருக்காகச் சுமந்தவர்களில் அது 7.8 வீதம். சாதாரணமாகக் கருவில் பாதி மரபணு தாயினுடையது. இங்கே கரு முழுவதுமே அவருடைய உடம்புக்கு அந்நியமானது. அதை ஏற்றுக்கொள்ள உடம்பு கூடுதலாகப் போராட வேண்டியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இப்படி ஆபத்தைத் தலையில் ஏற்றுக்கொண்ட ஒரு பெண்ணை "வாடகை" என்ற சொல்லால் அழைக்கிறோம். கனடாவில் அந்தச் சொல் சட்டப்படியும் பொய். 2004ஆம் ஆண்டின் சட்டப்படி, சுமப்பதற்குக் கூலி கொடுப்பது இங்கே குற்றம். 10 ஆண்டு சிறையோ 5 இலட்சம் டொலர் அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம். மருத்துவம், பயணம் போன்ற செலவுகளைத்தான் ஈடுசெய்யலாம். ஒன்ராறியோவில் கருத்தரிக்கும் முன்பே எழுத்தில் உடன்பாடு வேண்டும். இரு தரப்பும் தனித்தனிச் சட்ட ஆலோசனை பெற வேண்டும். பிள்ளை பிறந்து ஏழு நாள் கடந்த பிறகே சுமந்தவர் தன் பெற்றோர் உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுக்கலாம். அந்த ஏழு நாளை நான் மதிக்கிறேன். அவரும் ஒரு மனுஷி என்று சட்டமே ஒப்புக்கொள்ளும் ஏழு நாள் அது. "சுமந்த தாய்" என்று சொல்லிப் பழகுவோமே. நம் மொழியில் அதற்கு இடம் இருக்கிறது. அம்மாவின் தங்கையைச் சின்னம்மா என்றும் அக்காவைப் பெரியம்மா என்றும் அழைக்கிறவர்கள் நாம். ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட "அம்மா" இருப்பதில் தமிழுக்கு ஒருபோதும் சங்கடம் இருந்ததில்லை.

வேதாகமத்தில் ஆகாரின் கதை

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தை வாலிபர் கூட்டத்தில் வாசித்திருப்போம். பிள்ளையில்லாத சாராய் தன் அடிமைப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுக்கிறாள். அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்டதாக அங்கே இல்லை. அந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் அவளைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. வனாந்தரத்தில் கர்த்தருடைய தூதன்தான் முதன்முதலாக "ஆகார்" என்று அழைக்கிறார். பிள்ளைக்கான ஏக்கம் நியாயமானது; அதற்காக இன்னொரு பெண்ணின் பெயர் மறைந்துபோவது நியாயமாகாது.

ஆகவே ஏழைப் பெண்களை விலைக்கு வாங்கும் ஏற்பாடுகளை நாம் ஆதரிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தியாவில் பல ஆண்டுகள் அது பெரிய வியாபாரமாக நடந்தது. 2008ல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காகக் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு பெண்குழந்தை சுமக்கப்பட்டது. குழந்தை பிறக்கும் முன்பே தம்பதி பிரிந்துவிட்டார்கள். முட்டை கொடுத்தவர் யாரென்று தெரியாது. சுமந்தவரின் பொறுப்பு முடிந்துவிட்டது. முன்னாள் மனைவிக்கு அந்தக் குழந்தை வேண்டாம். மூன்று பெண்கள் இருந்தும் அந்தக் குழந்தைக்குத் தாய் இல்லை. கடவுச்சீட்டும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஜப்பான் மனிதாபிமான அடிப்படையில் அனுமதி கொடுத்தபின் பாட்டி வந்து கூட்டிக்கொண்டு போனார். 2021ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்தியா இப்போது கூலிக்குச் சுமப்பதைத் தடைசெய்திருக்கிறது. ஊரில் செலவு குறைவு என்று யோசிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைக்குச் சொல்வோமா?

என் கருத்தின் மையம் இதுதான். பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே சொல்ல வேண்டும்.

"சொன்னால் பிள்ளை குழம்பிவிடும், சனம் கதைக்கும்" என்ற பயம் நம் பெற்றோர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. நம் சமூகம் சிறியது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் செய்தி பரவிவிடும். ஆனால் மருத்துவர் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா?" என்று கேட்கும் நாளில், முட்டை யாருடையது என்று தெரியாத மகள் பிழையான பதிலைச் சொல்வாள். மேலும் இன்று மரபணுப் பரிசோதனைப் பெட்டியைக் கடையிலேயே வாங்கலாம். இருபது வயதில் ஒரு கணினித் திரையில் இருந்து அறிவதை விட, நான்கு வயதில் அம்மாவின் மடியில் இருந்து கேட்பது நல்லது.

இதற்குச் சான்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலொம்பொக் என்ற பேராசிரியரின் குழு, முட்டைக் கொடை, விந்தணுக் கொடை, பிறர் சுமந்து கொடுத்தல் ஆகிய வழிகளில் உருவான 65 குடும்பங்களைப் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தது முதல் 20 வயது வரை தொடர்ந்து கவனித்தது. 2023ல் வெளியான முடிவின்படி, அந்த இளையோரின் மனநலமும் தாயுடனான உறவும் மற்றக் குடும்பங்களை விடக் குறைந்திருக்கவில்லை. ஏழு வயதுக்கு முன்பே உண்மையைச் சொன்ன குடும்பங்களில் உறவு இன்னும் நன்றாக இருந்தது.

"அப்படியென்றால் பெற்றோர் என்பவர் யார்?" என்று கேட்கலாம். 1993ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கும் இதே கேள்வி வந்தது. மரபணு கொடுத்தவரும் பெற்றவரும் இருவருமே தாய் என்று உரிமை கோரலாம் என்று ஏற்றுக்கொண்டு, பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவந்து தமதாக வளர்க்க எண்ணியவரே தாய் என்று அது தீர்த்தது. ஒரு தீர்ப்பு எல்லாவற்றையும் தீர்க்காது. ஆனால் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இயேசுவின் வம்ச வரலாறு யோசேப்பின் வழியாக வருகிறது. மாம்சத்தின்படி தன்னுடையதல்லாத பிள்ளைக்குப் பெயரிட்டு, தச்சுத் தொழில் செய்து வளர்த்த மனிதன் அவன். தகப்பன் என்ற இடத்தை அவனுக்குக் கொடுக்க வேதம் தயங்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அடுத்த முறை சபையில் ஒரு குழந்தையின் பிறப்பைப் பற்றிக் கிசுகிசு வரும்போது, பெரியவர்களாக இருந்தாலும், "அன்ரி, அதை அவர்களே சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தாயும் பிள்ளையும் பற்றி ஜெபிக்கும் நாளில் சுமந்து கொடுத்தவர்களையும் நினைத்து ஜெபியுங்கள். உங்கள் நண்பன் ஒருவன் "என்னை வேறொருவர் சுமந்தார்" என்று ஒரு நாள் சொன்னால், "அப்படியானால் உன் உண்மையான அம்மா யார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அவரைச் சந்தித்திருக்கிறாயா?" என்று கேளுங்கள். அவன் சொல்ல விரும்பினால் மிச்சத்தை அவனே சொல்லுவான்.