ஏஜென்ட்டிடம் போகும் முன் கண் டாக்டரிடம் போங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆரணியில் எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். அந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரர் என் திண்ணைக்கு வந்தார். முப்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர். வந்ததும் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“வாத்தியாரே, பையன் கப்பல் வேலைக்குத்தான் போவேன்றான். மெட்ராஸ்ல ஒருத்தரு மூணு லட்சம் கேக்கறாரு. கட்டிட்டா ரெண்டே மாசத்துல கப்பல் ஏத்தி உட்டுடுவாராம். வீட்டுல நகைய வச்சா பணம் பொரட்டிடலாம். நீங்க இன்னா சொல்றீங்க?”

இரண்டு விஷயம் சொன்னேன். பணத்தைக் கட்டாதீர்கள். பையனை நாளைக்கே கண் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். முதலாவது அவருக்குப் புரிந்தது. இரண்டாவது புரியவில்லை. “அவன் கண்ணுக்கு இன்னா வாத்தியாரே, நல்லாத்தானே கீது?” என்றார்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். அவனும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அரக்கு நூல் கேட்டால் பச்சை நூல்கண்டை எடுத்து நீட்டுவான். கவனமில்லாத பயல் என்று அவன் அப்பா திட்டுவார். பள்ளியிலும் நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் நல்ல மதிப்பெண். கப்பலில் அதிகாரியாக வேண்டும் என்பது அவன் ஆசை. நுழைவுத்தேர்வுக்குச் சென்னையில் தங்கிப் படித்தான், தேறினான். அதற்குப் பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. கப்பல்துறை அங்கீகரித்த மருத்துவர் அவன் முன்னால் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். இஷிஹாரா சோதனை என்று அதற்குப் பெயர். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பையனுக்குப் பல பக்கங்களில் எண்ணே தெரியவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் அவன் கண்ணில் வித்தியாசம் இல்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோனது.

அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. நடுக்கடலில், நடுராத்திரியில், எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காட்டுவது அந்த இரண்டு நிறங்கள்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தால், அந்தக் கப்பல் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது, விலகிப் போ என்று அர்த்தம். இந்த விதிகள் 1972இல் உலக நாடுகள் சேர்ந்து வகுத்தவை. நிறம் பிரித்தறியாத கண்ணை நம்பி அத்தனை உயிர்களை ஒப்படைக்க முடியாது. ஆனால் அந்தப் பையன் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே யாராவது அந்தப் புத்தகத்தை அவன் முன் விரித்திருக்கலாம். நிறத்திலேயே வாழ்கிற ஊர் இது. மாம்பழ மஞ்சளுக்கும் மஞ்சக்கிழங்கு மஞ்சளுக்கும் நூலிழையில் வேறுபாடு சொல்கிற ஊர். இங்கே ஒரு பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்பதை அப்பாவும் கவனிக்கவில்லை, வாத்தியார் நானும் கவனிக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

கண் தேறிவிட்டால் வழி தெளிவாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஜி.பி. ரேட்டிங் என்ற ஆறு மாதப் பயிற்சி உண்டு. தங்கிப் படிக்க வேண்டும். டெக்கிலும் இன்ஜின் அறையிலும் சாதாரண மாலுமியாகச் சேரலாம். அதிகாரியாக வேண்டுமென்றால் பிளஸ் டூவில் அந்த மூன்று பாடங்களும் வேண்டும், ஆங்கிலத்திலும் குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். 2008இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, நம் சென்னையில்தான் இருக்கிறது. ஒரு வருட டிப்ளமா படித்தால் பதினெட்டு மாதம் கடலில் கேடட்டாக வேலை பார்க்க வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி. படித்தால் கடல் காலம் குறையும். அதற்குப் பிறகு செகண்ட் மேட் பரீட்சை. பேப்பரில் எழுதுவதோடு சர்வேயர் முன்னால் உட்கார்ந்து வாய்மொழியாகவும் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் ஃபர்ஸ்ட் மேட், அப்புறம் மாஸ்டர், அதாவது கேப்டன். ஒவ்வொரு படிக்கும் நடுவில் மறுபடி கடல். இன்ஜின் பக்கமும் இப்படித்தான், நான்காம் வகுப்புச் சான்றிதழில் தொடங்கி முதல் வகுப்பு வரை ஏற வேண்டும். ரெண்டு மாதத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்பவர் இந்த ஏணியில் எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேட்டாலே பாதி பொய் உதிர்ந்துவிடும்.

சான்றிதழ் என்றால் வெறும் காகிதம் என்று நினைக்கிற பெற்றோர் உண்டு. அவர்கள் ஒருமுறை அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். என் அண்ணன் மகன் அதை முடித்தவன். உயரமான மேடையில் நிற்க வைப்பார்களாம். லைஃப் ஜாக்கெட்டை ஒரு கையால் கீழே அழுத்திப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்தி, நேராகப் பார்த்தபடி குளத்தில் குதிக்க வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் படகின் கேஸ் சிலிண்டர் பக்கம் ஏறி நின்று, அதன் வாரைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து படகைப் புரட்ட வேண்டும். படகு நிமிர்ந்து தலைமேல் கவிழும்போது பதறாமல் அடியிலிருந்து நீந்தி வெளியே வர வேண்டும். எங்கள் கமண்டல நாகநதி பெரும்பாலான மாதங்கள் மணலாகத்தான் கிடக்கும். ஆரணிப் பிள்ளைகள் நீச்சல் கற்றது வயல்காட்டுக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. அந்தக் கிணற்று நீச்சல்தான் அன்றைக்குத் தன்னைக் காப்பாற்றியது என்றான். அதோடு புகை அடைத்த இருட்டறைக்குள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு ஆளைத் தேடும் பயிற்சி, முதலுதவி, கப்பல் பாதுகாப்பு எல்லாம் உண்டு. குளத்துப் பயிற்சியும் தீப் பயிற்சியும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1967 மார்ச் 18 அன்று டாரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் ஏறியது. லைபீரியக் கொடி, இத்தாலியக் கேப்டன். ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் ஏற்றிவந்த கப்பல் அது. ஒரு கப்பலில் ஒரு கொடி, பல நாட்டு ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாட்டுப் பயிற்சி என்று இருந்தால் யாரை நம்புவது? 1978இல் மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகம் முழுவதும் ஒரே அளவுகோல் வைக்கும் ஒப்பந்தம் வந்தது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்று கப்பல்காரர்கள் சொல்வது அதைத்தான். 1984இல் நடைமுறைக்கு வந்தது, 1995இலும் 2010இலும் திருத்தினார்கள். ஆரணிப் பையன் ஒருவன் ராட்டர்டாம் துறைமுகத்தில் எந்தக் கப்பலில் ஏறினாலும் அவன் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பது அந்த ஒப்பந்தத்தால்.

இப்போது ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் எதுவாக இருந்தாலும் டைரக்டர் ஜெனரல் ஆஃப் ஷிப்பிங் கொடுத்த உரிமம் வைத்திருக்க வேண்டும். ஆர்.பி.எஸ்.எல். எண் என்பார்கள். அந்தத் துறையின் இணையதளத்தில் எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். பயிற்சி நிலையங்களின் அங்கீகாரப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. மாலுமிக்கு இன்டோஸ் என்ற அடையாள எண்ணும் சி.டி.சி. என்ற பணிப் பதிவுப் புத்தகமும் கிடைப்பது அந்தத் துறையின் வழியாகத்தான். ஏமாற்றுக்காரர்கள் இதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வேறு ஏதோ நாட்டின் பெயரில் அப்படியொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, டூரிஸ்ட் விசாவில் வளைகுடாவுக்கு அனுப்பி, யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத ஓட்டைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். சம்பளம் வராது. சில கப்பல்களை முதலாளி அப்படியே கைவிட்டுவிடுவார். பையன் கப்பலேறியதற்கு நம் நாட்டில் பதிவே இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது?

நம் ஊரில் புடவை வாங்க வருகிறவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். சில்க் மார்க் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். முடி கருகிய வாசனை வந்தால்தான் பட்டு. ஒரு புடவைக்கு இத்தனை சோதனை. மகனைக் கொடுக்கப்போகிற ஆளுக்கு ஒரு எண் கூடக் கேட்கவில்லையே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வீட்டுக்குப் போய் அந்த ஏஜென்ட் கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்துவந்தார். அதில் உரிம எண் இல்லை. கைப்பேசியில் துறையின் பட்டியலைத் திறந்து பெயரைத் தேடினோம். அந்தப் பெயரும் இல்லை.

பையன் திங்கட்கிழமை கண் பரிசோதனைக்குப் போனான். நிறம் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணில் மட்டும் பார்வை கொஞ்சம் குறைவு. டெக் பக்கம் போகக் கண்ணாடி இல்லாமலே தெளிவான பார்வை வேண்டும், இன்ஜின் பக்கம் ஓரளவு கண்ணாடிக்கு இடமுண்டு. அதனால் இன்ஜின் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நகை வீட்டிலேயே இருக்கிறது.

ஆரணியிலோ, செய்யாறிலோ, போளூரிலோ இந்தப் பத்தியைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. அதை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். ஆனால் கப்பலில் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்க எந்த ஏஜென்ட்டுக்கும் இந்தியச் சட்டத்தில் இடமில்லை. கேட்கிறார் என்றாலே அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.