பழைய உழவியந்திரம் வாங்கும் கமக்காரருக்கு

பெரும்போகத்து மழை தொடங்கியபின் பழைய உழவியந்திரம் தேடிப் புறப்படும் கமக்காரர் பெரும்பாலும் நட்டமடைகின்றனர் என்பதே எமது கருத்து. விற்பவர் வஞ்சகர் என்பதனாலன்று; வாங்குபவருக்கு அவகாசம் இல்லாமையாலேயே. வயலில் ஈரம் வந்துவிட்டது, அயலார் உழுதுவிட்டனர், கையில் இருப்பதோ நகையை அடைவு வைத்த பணம். அந்நிலையிற் புதுவர்ணம் பூசிய எந்த இயந்திரமும் நல்லதாகவே தோன்றும். ஆதலால், அறுவடையும் சூடடிப்பும் முடிந்து, அடுத்த உழவு தொடங்குமுன் உள்ள இடைவெளியிலே வாங்குதல் தக்கது.

பார்க்கச் செல்லும் வேளையில் எஞ்சின் குளிர்ந்திருத்தல் அவசியம். நீங்கள் வருமுன்னரே அதனை இயக்கிச் சூடாக்கியிருப்பின், வேறொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் காட்டும் குறையைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். தொடக்கத்தில் சிறிது வெண்புகை எழுந்து அடங்குவது வழமையே. நீலப்புகை ஓயாது எழுமாயின் மசகெண்ணெய் எரிகின்றது. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்கும்போது அங்கிருந்தும் புகை தள்ளுமாயின், பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். எஞ்சினைக் கழற்றித் திருத்தும் செலவைக் கழித்தே பின்னர் விலை பேசவேண்டும். மணிமானியை நம்ப வேண்டா. கிளச்சு மிதியின் தேய்வு அதனினும் உண்மை பேசும்.

எஞ்சினை மாத்திரம் பார்த்துத் திருப்தியடைவதே எம்மவரின் பெரும்பிழை. நெல்வயலில் உழைத்த இயந்திரம் சேற்றில் உழைத்தது. அச்சின் முனைகளிலுள்ள எண்ணெய்த் தடுப்புகள் தேய்ந்தால் சேற்றுநீர் உள்ளே புகுந்து பற்சக்கரங்களை அரித்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. பின்னச்சுப் பெட்டியின் அடியிலுள்ள வடிதிருகாணியைச் சற்றே தளர்த்தி, சொட்டும் எண்ணெயைக் கிண்ணத்தில் ஏந்திப் பாருங்கள். நெடுநாள் நின்ற இயந்திரமாயின் முதலில் நீரே வடியக்கூடும். எண்ணெய் பாற்றேநீர் போன்றிருப்பின் நீர் கலந்துள்ளது. விரலிடையே தேய்க்கையில் உலோகத்துகள் மின்னுமாயின் பற்சக்கரங்கள் ஏற்கெனவே பழுதடைந்துள்ளன. விற்பவர் இச்சோதனைக்கு இணங்காவிடின், அவ்விணங்காமையே விடையாகும்.

மணலும் கல்லும் இழுத்த இயந்திரத்திற் கிளச்சையும் பிறேக்கையும் விசேடமாகக் கவனித்தல் வேண்டும். எதுவாயினும் கலப்பை பூட்டி ஒரு மணிநேரமாவது உழுது பார்க்காமல் வாங்கற்க. உழவு முடிந்ததும் கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை உடனே நிலத்தில் விழுமாயின் தூக்குப் பொறியிற் கசிவு உண்டு.

1964இல் வெளிவந்த மாசி பெர்குசன் 135 இன்றும் எமது வயல்களில் உழுகின்றது. உதிரிப்பாகம் கிடைப்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். பாகம் கிடைக்காத இளைய இயந்திரத்திலும், பாகம் கிடைக்கும் முதிய இயந்திரமே மேல் என்போம். இரண்டேக்கர் மாத்திரம் உடையவர் எதனையும் வாங்காது கூலிக்கு உழுவிப்பதே நன்று. அயலாருக்கும் உழுது உழைக்கலாம் என்னும் கணக்கு, அயலாரிடமும் இயந்திரம் இருக்கும் ஊரிற் பலிப்பதில்லை.

எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். அதில் நிதிக் கம்பனியொன்றின் பெயர் பதியப்பட்டிருப்பின், கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தைக் காணும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டா.