ஈட்டிக்கும் எல்லை வேண்டும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

வேட்டை என்றதும் நம் மனக்கண்முன் விரிவது காடுதான். ஆனால் கடலுக்கடியிலும் வேட்டை நடக்கிறது. அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், விடுமுறை நாளில் நண்பர்கள் நான்கைந்து பேர் கூடிப் படகேறிக் கடலுக்குள் செல்வார்கள். முதுகில் காற்று அடைத்த ஸ்கூபா உருளை. கையில் ஈட்டித் துப்பாக்கி. காலையில் மூழ்கிய கப்பல் ஒன்று, பகலில் பவளப்பாறை ஒன்று என இரண்டு மூன்று முறை மூழ்கி எழுந்து, மாலையில் பனிக்கட்டிப் பெட்டியில் மீனுடன் கரை திரும்புவார்கள். அங்கே சட்டம் இதனைப் பல இடங்களில் அனுமதிக்கிறது. அனுமதிக்கத் தக்கதுதானா என்பதே நம் வினா.

எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. வேட்டைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இழுவலை கடலடியை வாரிச் செல்கிறது. வேண்டிய மீனோடு வேண்டாத குஞ்சும் மடிகிறது. ஈட்டிக்காரனோ மீனைக் கண்ணால் கண்டு, இனம் தெரிந்து, அளவை மதித்து, அதன் பின்னரே எய்கிறான். அவன் ஏற்கும் ஆபத்தும் சிறிதன்று. பலரும் எண்ணுவதுபோல் அவன் முதுகில் இருப்பது தனிப் பிராணவாயு அன்று. பெரும்பாலும் அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றே. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். அங்கே இரத்தத்திலும் தசையிலும் கரையும் நைட்ரஜன், அவன் விரைந்து மேலே வந்தால் குமிழிகளாகி உயிருக்கே உலை வைக்கும். இத்தனையும் அறிந்து செல்பவனைக் கோழை என்று கூற யாராலும் இயலாது.

ஆனால் வீரம் வேறு, நியாயம் வேறு. 1943-இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் சேர்ந்து நீரடியில் மூச்சுவிடும் கருவியை உருவாக்கினார்கள். அதற்கு முன் மனிதன் பெரும்பாலும் ஒரு மூச்சுக்கு உட்பட்டவனாகவே கடலடியில் வேட்டையாடினான். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கயிற்றைப் பற்றி மேலே வந்தாக வேண்டும். மூச்சு எட்டாத ஆழம் கடல்வாழ் உயிர்களுக்குப் புகலிடமாக இருந்தது. மனிதன் வகுக்காத ஓர் எல்லையை அவன் நுரையீரலே வகுத்து வைத்திருந்தது. உருளை வந்தபின் அந்த எல்லை இல்லை. மீன் ஒளிந்திருக்கும் பொந்தின் வாயிலில் நிதானமாகக் காத்திருந்து எய்யலாம்.

எய்யப்படுவது எந்த மீன்? பெரும்பாலும் கண்ணில் படுவதிலேயே பெரியது! இங்கேதான் விலங்கியல் குறுக்கிடுகிறது. புளோரிடா வேட்டைக்காரர் பெரிதும் விரும்புவது களவா மீன். களவா இனங்கள் பல பெண்ணாக வளர்ந்து முட்டையிட்டு, ஆண்டுகள் பல கடந்து உடல் பெருத்த பின் ஆணாக மாறுபவை. ஆகவே பெரியதைத் தேர்ந்து எய்யும்போது ஆண் மீன்களையே தேர்ந்து எய்கிறோம். இத்தனை அளவுக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது என்னும் சட்டம் அங்கே உண்டு. அது சிறிய மீனைக் காக்கிறதே தவிர, பெரிய மீனைக் காப்பதில்லை. ஈட்டியின் பெருமையாகச் சொல்லப்படும் தேர்ந்தெடுக்கும் திறமையே இங்கே தீங்காகிறது.

மூழ்கிய கப்பல்களின் கதையும் சிந்திக்கத் தக்கது. கொரியப் போரிலும் வியத்நாம் போரிலும் பணியாற்றிய ஒரிஸ்கனி என்னும் விமானந்தாங்கிக் கப்பலை 2006-இல் பென்சக்கோலா நகருக்கு அப்பால் கடலில் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். செயற்கைப் பாறையாக அது மீனுக்கு இடம் தரும் என்பது நோக்கம். மீன்களும் வந்தன. ஆனால் பரந்த கடலில் சிதறிக் கிடந்த மீன்கள் ஓரிடத்தில் கூடும்போது வேட்டையும் எளிதாகிறது. வீடு கட்டிக் கொடுத்து விருந்தாளியை வாசலிலேயே மடக்குவது எந்த ஊர் வழக்கம்?

இதன் விளைவுக்கு ஒரு சான்று போதும். கோலியாத் களவா ஏறத்தாழ 360 கிலோ வரை வளரக்கூடியது. மனிதனைக் கண்டு அஞ்சி ஓடாத அம்மீனைத் தூண்டிலும் ஈட்டியும் சேர்ந்து அழிவின் விளிம்பிற்குத் தள்ளின. 1990-இல் புளோரிடாவில் அதைப் பிடிப்பதையே முற்றாகத் தடை செய்ய நேர்ந்தது. 33 ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான் தடை சற்றே தளர்ந்தது. அதுவும் குலுக்கல் முறையில் 200 அனுமதிச் சீட்டு, சிறிய மீன் மட்டும், தூண்டிலால் மட்டும். ஈட்டிக்கு இடமில்லை.

இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், பஹாமாத் தீவுகள் ஆகியவை உருளையுடன் ஈட்டி வேட்டையாடுவதை முன்பே தடுத்துள்ளன. அப்படியானால் புளோரிடாவிலும் முற்றாகத் தடுத்துவிடலாமா? அவசரம் வேண்டாம். அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. நம் இந்துமாக் கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் உரிய சிங்கமீன் 1985-இல் புளோரிடாக் கடலில் முதன்முதலாகக் காணப்பட்டது. பதினெட்டு நச்சு முட்களை உடைய அதனை உண்டு கட்டுப்படுத்தும் பகைவர் அங்கே இல்லை எனலாம். அந்நாட்டு மீன்குஞ்சுகளை அது தின்று தீர்க்கிறது. தூண்டிலில் சிக்குவதும் அரிது. அதை ஒழிக்க ஈட்டியே ஏற்ற கருவி. ஆழத்தில் நெடுநேரம் தேட உருளையும் வேண்டும். அரசே போட்டி நடத்தி இவ்வேட்டையை ஊக்குவிக்கிறது. முள்ளை நீக்கினால் சிங்கமீன் சுவையான உணவும்கூட.

ஆகவே குற்றம் கருவியில் இல்லை. காற்று உருளையுடன் செல்பவன் சிங்கமீனை எவ்வளவு வேண்டுமாயினும் எய்யட்டும். நண்பர்களின் விடுமுறையும் கெடாது, கடலும் வாழும். களவா போன்ற அந்நாட்டு மீன் வேண்டுமென்றால், உருளையைப் படகிலேயே வைத்துவிட்டுத் தன் ஒரு மூச்சை நம்பி இறங்கட்டும். அப்போது மீனுக்கும் தப்பும் வாய்ப்பு உண்டு. 'விளையாட்டு' என்று பெயர் சூட்டிவிட்டால் இரு தரப்புக்கும் ஆட இடம் இருக்க வேண்டுமல்லவா?

இது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் புறந்தள்ளிவிட முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சிங்கமீன் அங்கே அந்நியன் அன்று, அக்கடலின் பிள்ளை. ஓர் இடத்தில் கொல்லத் தக்க உயிர் மற்றோர் இடத்தில் காக்கத் தக்கதாகிறது. எது எங்கே என்று பகுத்தறிவதற்கே நாம் கல்வி கற்கிறோம். இயந்திரங்கள் நம் உடலின் எல்லைகளை ஒவ்வொன்றாக நீக்கிவரும் இக்காலத்தில், நீங்கிய எல்லைக்கு மாற்றாக அறிவால் ஓர் எல்லை வகுத்துக்கொள்வது இளைஞராகிய நம் கடமையாகும்.